வலையில் வீசப் பிறந்தவர்களா?

புனேயில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடிய கிளப் ஒன்றில் 1892 வாக்கில் மாதம் நாலு ரூபாய்ச் சம்பளத்துக்கு ஓர் இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகளத்தை உருட்டுவது, வலை கட்டுவது, நடுநடுவே துரைமாருக்குப் பந்து வீசுவது. பெயர் பல்வங்கர் பாலு, இடக்கைச் சுழல். பெரிய மட்டையாளரான ஜே. ஜி. கிரெய்க் இவரிடம் பயிற்சி எடுக்க மற்றவர்களுக்கு முன்பே மைதானத்துக்கு வந்துவிடுவாராம். தன்னை அவுட் ஆக்கும் ஒவ்வொரு தடவைக்கும் எட்டணா கொடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு. அப்படியானால் கிரெய்க்கின் எட்டு விக்கெட், பாலுவின் ஒரு மாதச் சம்பளம்.

வலையில் வீசுவதற்கென்றே ஆள் வைக்கும் இந்த வழக்கத்துக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. நல்ல மட்டையாளருக்கு நாள் முழுக்க வீசுகிறவனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் கிடையாது. 1906இல் பம்பாயில் ஐரோப்பியர் அணியை இந்து அணி 109 ரன்னில் தோற்கடித்தபோது இந்து அணிக்காக ஆடிய பாலு எடுத்தது எட்டு விக்கெட். 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணி தோற்ற ஆட்டங்களே அதிகம். அந்தப் பயணத்திலும் பாலு மட்டும் 114 விக்கெட் சாய்த்தார்.

ஆனால் அந்தப் புனே கிளப்பில் அவர் கையில் யாரும் மட்டையைக் கொடுக்கவில்லை. வீசுவது கூலிக்காரன் வேலை, அடிப்பது எஜமான் வேலை என்பதே அங்கிருந்த ஏற்பாடு. தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால் இந்து அணியிலும் நிலைமை மாறிவிடவில்லை. அவர் விக்கெட் அவர்களுக்கு வேண்டும். தேநீரோ வெளியே, மண்குவளையில். தலைமைப் பதவி கடைசிவரை வரவில்லை. 1923இல்தான் அது அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

இன்றைய 'நெட் பவுலர்' அந்த நிலையில் இல்லைதான். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிப் பழகிய தங்கராசு நடராஜன், 2020இல் ஆஸ்திரேலியப் பயணத்துக்கு முதலில் நெட் பவுலராகத்தான் தேர்வானார். அதே பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட் எடுத்தார். இந்த வழக்கத்தைப் புகழ்கிறவர்கள் முதலில் சொல்லும் பெயரும் அவருடையதே.

கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வலையில் வீசியதால் மட்டும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. அதற்கு முன்னால் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் அணிக்காகப் போட்ட யார்க்கர்கள் இருந்தன. பும்ரா, ஷமி, உமேஷ், அஸ்வின், ஜடேஜா என்று வரிசையாகக் காயம் பட்டதும் சேர்ந்துகொண்டது. வலை அவரைக் கதவுப் பக்கத்தில் நிறுத்தியது, அவ்வளவுதான். அதே இடத்தில் நின்று, வெயிலில் தோள் தேய வீசிவிட்டு ஊர் திரும்பும் பையன்களின் பெயர் எந்த ஸ்கோர் அட்டையிலும் இருக்காது. வலையில் எடுத்த விக்கெட்டுக்கு ஏது கணக்கு?

வழக்கம் தவறல்ல, அதை வேலையாக மட்டும் வைத்திருப்பதுதான் தவறு. நாளை ஏதோ ஒரு சிற்றூரிலிருந்து ஒரு பையனை வலைக்கு அழைக்கிற பயிற்சியாளர்கள் அவனுக்கு நியாயமான கூலி கொடுக்கட்டும், பத்து நிமிஷம் மட்டை பிடிக்க விடட்டும், மாதத்துக்கு ஓர் ஆட்டத்திலாவது பதினொருவரில் ஒருவனாக இறக்கிப் பார்க்கட்டும்.