மறைந்திருக்கும் கடவுளும் ஆட்டக் கோட்பாடும்

கடவுள் உண்டா என்னும் வினாவை இலாபநட்டக் கணக்காக மாற்றியமைத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாஸ்கல். கடவுள் உளராயின் நம்பியவன் பெறும் பேறு எல்லையற்றது. இலராயின் அவன் இழப்பது சிறிதே. ஆதலின் நம்புதலே அறிவுடைமை என்பது, அவர் மறைவுக்குப் பின் 1670 இல் வெளிவந்த சிந்தனைத் தொகுப்பிற் காணப்படும் வாதம். இங்கு கணக்கிடுபவன் மனிதன் மட்டுமே. கடவுள் தாமும் தெரிவு செய்பவராக இடம்பெறவில்லை.

இக்குறையை நீக்க முயன்றவர் அமெரிக்க அரசறிவியலாளர் ஸ்ரீவன் பிராம்ஸ். பழைய ஏற்பாட்டுக் கதைகளை 1980 இல் ஆட்டக் கோட்பாட்டின்வழி ஆராய்ந்த அவர், 1983 இல் வெளியிட்ட 'சுப்பீரியர் பீயிங்ஸ்' என்னும் நூலிற் கடவுளையும் ஓர் ஆட்டக்காரராக்கினார். கடவுள் தம்மை வெளிப்படுத்தலாம், வெளிப்படுத்தாதிருக்கலாம். மனிதன் நம்பலாம், நம்பாதிருக்கலாம். மனிதன் நம்பவேண்டும் என்பது கடவுளின் முதல் விருப்பம். தாம் வெளிப்படாதிருத்தல் இரண்டாவது. தன் நிலைப்பாடு சான்றுடன் பொருந்தவேண்டும் என்பது மனிதனின் முதல் விருப்பம், நம்புதல் இரண்டாவது.

இவ்வாறாயின், மனிதன் எதைத் தெரிந்தாலும் கடவுளுக்கு வெளிப்படாமையே மேலானது. அதனை உணரும் மனிதன் நம்பாமையைத் தெரிகிறான். நான்கு விளைவுகளை 4 முதல் 1 வரை தரப்படுத்தின், இம்முடிவு கடவுளுக்கு 2, மனிதனுக்கு 3. வெளிப்பாடும் நம்பிக்கையும் இணைந்திருப்பின் முறையே 3, 4 கிடைத்திருக்கும். இருவருக்கும் மேலான விளைவு, இருவரும் அறிவோடு நடந்தமையாலேயே கைநழுவுகிறது.

இதன் பயன் அளவையியல் சார்ந்தது. 'கடவுள் உளராயின் வெளிப்பட்டிருப்பார், வெளிப்படவில்லை, ஆகவே இலர்' என்னும் வாதம் வடிவிற் செம்மையானது. ஆனால் அதன் முதல் எடுகூற்று உறுதியற்றது என்பதை இவ்வாட்டம் காட்டுகிறது. உள்ள ஒருவரும் மௌனமாயிருக்கக் காரணமுண்டு.

எனினும் இரு தடைகள் எழுகின்றன. முதலாவது, விருப்ப வரிசை ஆய்வின் முடிபன்று, ஆசிரியரின் எடுகோள். கடவுளின் இரண்டாம் விருப்பத்தை வெளிப்படுதல் என மாற்றின், வெளிப்பாடும் நம்பிக்கையுமே முடிவாகும்; முரணும் மறைந்துவிடும். இட்டதையே எடுக்கிறோம். இரண்டாவது, நம்பிக்கை நினைத்தவுடன் நகர்த்தும் காய் அன்று. பாஸ்கலே இதனை உணர்ந்து, நம்ப இயலாதவனைச் சமயச் சடங்குகளில் ஈடுபடுமாறும், நம்பிக்கை காலப்போக்கில் விளையுமென்றும் கூறினார். மறைத்தலை இறைவனின் ஐந்தொழில்களுள் ஒன்றாகக் கொள்ளும் சைவசித்தாந்தமும் அதனை உயிரின் பக்குவத்தோடு தொடர்புபடுத்துகிறது. பக்குவப்படும் உயிரின் விருப்ப வரிசை நிலையானதாயிருத்தல் இயலாது. ஒருமுறையே ஆடி முடியும் ஆட்டத்தில் இம்மாற்றத்துக்கு இடமில்லை.

ஆகவே, இவ்வாய்வைக் கடவுளுக்குச் சான்றாகவோ எதிர்ச்சான்றாகவோ கொள்ளுதல் பொருந்தாது. கடவுளைப் பற்றிப் பேசும்போது, அவர் எதை விரும்புகிறார் என நாம் சொல்லாமலே கொண்டுவிடும் எடுகோள்களை அது வெளிக்கொணர்கிறது. ஆத்திகர், நாத்திகர் இருசாராரும் தத்தம் எடுகோள்களைச் சோதிக்க இக்கருவி உதவும். அதற்கு மேல் அதனிடம் கேட்பது, அளவுகோலிடம் அளக்கப்படும் பொருளையே கேட்பதாகும்.