நீரில்லாத தடாகம்

கண்ணை ஏமாற்றும் நிறுவற்கலைப் படைப்புகளை ‘வெறும் கண்கட்டு வித்தை’ என்று ஒதுக்கிவிடும் போக்கு நம் விமர்சகர் சிலரிடம் உண்டு. அவற்றுட் பலவற்றுக்கு அந்தத் தீர்ப்புப் பொருந்தவும் செய்யும். ஆயினும் ஆர்ஜென்டீனக் கலைஞர் லியாண்ட்ரோ ஏர்லிச்சின் ‘நீச்சல் தடாகம்’ அந்த வகைக்குள் அடங்காது என்பதே என் எண்ணம்.

1999இல் உருவான இப்படைப்பு 2001இல் வெனிஸ் பியனாலேயில் வைக்கப்பட்டது. 2004 முதல் யப்பானின் கனசாவா நகரிலுள்ள 21ஆம் நூற்றாண்டுச் சமகாலக் கலை நூதனசாலையில் நிரந்தரமாக இருக்கிறது. முற்றத்தின் நடுவே ஒரு தடாகம், ஏணி இறங்குகிறது, நீர் அசைகிறது. எட்டிப் பார்த்தால் அடியிலே மனிதர்கள் உடுத்த உடையோடு நிற்கிறார்கள், நடக்கிறார்கள், மேலே பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவரும் நனையவில்லை. உண்மையில் அங்கிருப்பது கண்ணாடித் தளமொன்றின் மேல் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் நீர் மட்டுமே. அதன் கீழே நீலநிறம் பூசிய வெற்று அறை.

வித்தைக்காரன் இரகசியத்தைக் காப்பான். ஏர்லிச் அதைத் திறந்து விடுகிறார். பார்வையாளன் அந்த அறைக்குள்ளேயே போய்ச் சூட்சுமத்தைத் தானே கண்டுகொள்ளலாம். அது விளங்கிய பிறகும் படைப்புத் தீர்ந்துபோவதில்லை. ஏனெனில் இப்போது அவனே பிறருக்குக் காட்சியாகிவிடுகிறான். கீழிருந்து நோக்கினால் மேலே நிற்போரின் முகங்கள்தாம் நெளிந்து கலைகின்றன. மூழ்கியிருப்பது யார் என்ற ஐயம்கூட எழுகிறது. ஆளில்லாத வேளையில் இது வெறும் தொட்டி.

இதற்கு மறுதலை, அனிஷ் கபூரின் ‘லிம்போவுக்குள் இறக்கம்’ (1992). சுமார் இரண்டரை மீற்றர் ஆழக் குழி. உட்பூச்சு ஒளியை விழுங்குவதால் தரையில் வரைந்த கரிய வட்டமாகவே தெரியும். 2018இல் போர்த்துக்கலின் போர்ட்டோ நகரில், எச்சரிக்கைப் பலகை இருந்தும், ஒருவர் அதற்குள் விழுந்து வைத்தியசாலைக்குப் போக நேர்ந்தது. அச்சுறுத்தும் அழகு அதற்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் முன் பார்வையாளன் தனியன்.

ஏர்லிச்சின் எல்லாப் படைப்புகளையும் இப்படிப் புகழ முடியாது. 2013இல் லண்டன் டால்ஸ்டனில், இரண்டாம் உலகப் போரிற் குண்டு விழுந்ததிலிருந்து பெரும்பாலும் வெறுமையாகவே கிடந்த காணியொன்றில், அத்தெருவில் முன்பிருந்தவற்றைப் போன்ற வீட்டு முகப்பொன்றைத் தரையிற் படுக்கவைத்தார். அதன்மேல் 45 பாகைச் சாய்வில் பெரிய நிலைக்கண்ணாடியை நிறுத்தினார். முகப்பின் மேற் புரண்டவர்கள் கண்ணாடியில் யன்னலிற் தொங்குவோராகத் தெரிந்தார்கள். இழந்த வீட்டை மீண்டும் எழுப்பும் எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த இழப்பு, வந்து படமெடுத்துப் போனவர்களை எட்டுவதற்கான வழியெதையும் படைப்பு வைத்திருக்கவில்லை. குண்டு விழுந்த நிலம் ஒரு விளையாட்டுத் திடலாகிவிட்டது. யன்னலொன்றையாவது அவர் உடைந்தபடி விட்டிருக்கலாம்.