குறி தவறாதவர்களின் பாவம்

பாவம் என்பதற்குக் "குறி தவறுதல்" என்பதே மூலப்பொருள் என்று நம் பிரசங்கபீடங்களில் அடிக்கடி விளக்கப்படுகிறது. எபிரெய மொழியின் "ஹாத்தா", கிரேக்க மொழியின் "ஹமர்தானோ" ஆகிய வினைகளுக்கு அப்பொருளும் உண்டு என்பது உண்மையே. ஆயினும், பாவத்தின் தன்மையை உணர்த்த இவ்விளக்கம் மட்டும் போதுமா என்பது ஆராயத்தக்கது.

இவ்விளக்கத்தின் வலிமையைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஊழியம் செய்வோர் எளிதில் உணர்வர். 2021 டிசம்பரில் நார்த்தாமலையை அடுத்த துப்பாக்கிச்சுடும் தளத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது, அருகிலிருந்த வீட்டில் ஒரு சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. சில நாள்களில், 2022 ஜனவரியில், அவன் இறந்தான். அவனை எவரும் குறிவைக்கவில்லை. தீய நோக்கமின்றி நேரும் தவறும் உயிரைப் பறிக்கும் என்பதை இவ்விளக்கம் நன்றாகவே காட்டுகிறது.

அப்படியானால், குறி தவறாமையே நீதியாகுமா? 1999ஆம் ஆண்டின் கார்கில் போரை எண்ணிப் பார்ப்போம். மலைமுகடுகளை மீட்கப் போராடிய தரைப்படைக்குத் துணையாக, ஜூன் 24ஆம் நாள் நமது விமானப்படையின் மிராஜ் 2000 விமானங்கள் டைகர் ஹில் மீது லேசர் ஒளியால் வழிநடத்தப்படும் குண்டுகளை வீசின. விமானத்திலிருந்து இலக்கின்மீது ஒளி பாய்ச்சப்படுகிறது. அங்கிருந்து சிதறிவரும் ஒளியைக் குண்டின் முனையிலுள்ள கருவி உணர்ந்து, சிறகுகளைத் திருப்பி, அப்புள்ளியை நோக்கிக் குண்டைச் செலுத்துகிறது. அங்கே இருப்பது பகைவரின் அரணா, அடைக்கலம் புகுந்தோரின் வீடா என்பதைக் குண்டு அறியாது. கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடக்கலாகாது என்று அப்போரில் விமானப்படைக்கு விதிக்கப்பட்ட வரையறை, கருவியின் துல்லியத்தால் வந்ததன்று; மனிதரின் தீர்மானத்தால் வந்தது.

திருமறையும் இவ்வேறுபாட்டை அறிந்திருக்கிறது. மயிரிழையளவும் பிசகாமல் கவண் எறியவல்ல இடதுகைப் பழக்கமுடைய 700 வீரர் பென்யமீன் கோத்திரத்தில் இருந்ததாக நியாயாதிபதிகள் 20:16 கூறுகிறது. பிசகாமை குறித்து அங்கே மூலத்தில் வரும் வினை "ஹாத்தா" என்பதே. சொல்லின் மூலப்பொருளை மட்டும் கொண்டு பார்த்தால், அவர்கள் பாவம் செய்யாதவர்கள்! ஆனால் அவர்கள் யாருக்காகக் கவண் எடுத்தார்கள்? ஒரு பெண்ணை இரவு முழுவதும் சிதைத்துச் சாகவிட்ட கிபியாவின் கயவரை ஒப்புக்கொடுக்க மறுத்த தங்கள் கோத்திரத்துக்காக. நூலாசிரியர் அவர்களுடைய கைத்திறனில் குறை காணவில்லை. குறை, அவர்கள் நின்ற பக்கத்தில் இருந்தது.

ஆகவே, பாவத்தைக் கைத்தவறாக மட்டுமே போதிக்கும் பிரசங்கம், திறமைசாலியைக் குற்றமற்றவனாக்கி அனுப்பிவிடுகிறது. கணக்கில் ஒரு காசும் பிசகாமல் ஏழையின் நிலத்தை எழுதிவாங்குகிறவனும் அதைக் கேட்டு மனநிறைவோடு வீடு திரும்புவான். "எங்கே தவறினாய்?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. "எதைக் குறியாகக் கொண்டாய், யாருக்காக?" என்னும் கேள்வியும் நம் பிரசங்கபீடங்களிலிருந்து எழவேண்டும்.