250 என்றொரு வாக்கு

மின்னஞ்சல் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்.எஃப்.சி. 821 என்ற ஆவணம்தான் அதன் மூலம். இரண்டே பாத்திரங்கள். வந்தவர் 'ஹெலோ' என்று தன் பேரைச் சொல்கிறார். கட்டளைகள் எல்லாம் நான்கெழுத்தில் இருக்க வேண்டும் என்பதால் ஆங்கில ஹலோவில் ஓர் எழுத்துக் குறைந்துபோனது. யாரிடமிருந்து, யாருக்கு என்கிறார். கடிதத்தை ஒப்பிக்கிறார். தனி வரியில் ஒற்றைப் புள்ளி வைத்து முடிக்கிறார். கேட்டவர் '250' என்கிறார். சரி, வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான் நாடகம்.

இந்த 250 எளிய சொல் அல்ல. 2008இல் ஜான் கிளென்சின் செப்பனிட்ட ஆர்.எஃப்.சி. 5321 அதற்குப் பொருள் சொல்கிறது. 250 சொன்ன கணத்திலிருந்து அந்தக் கடிதம் உங்கள் பொறுப்பு. அப்புறம் மெஷின் படுத்துடுச்சு என்று சாக்குச் சொல்லக் கூடாது. சேர்க்க முடியாவிட்டால் அனுப்பியவருக்குத் தெரிவிக்க வேண்டும். சத்தமில்லாமல் தூக்கிப் போடுவதென்றால், மோசடி என்று மிக உறுதியாகத் தெரிந்த இடத்தில் மட்டும்தான். வறண்ட ஆவணம் ஒன்றில் தபால்காரரின் அறம் உட்கார்ந்திருக்கிறது.

சொந்தமாக மெயில் சர்வர் வைப்பவர்கள் இந்த அறத்தை நம்பித்தான் இறங்குகிறார்கள். ஒரு லினக்ஸ் அல்லது ஃப்ரீபிஎஸ்டி மெஷின், கடிதம் வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைத் திறந்து படிக்க டவ்காட். பழகியவருக்கு ஒரு சனி ஞாயிறு வேலை. 'கரண்ட் போனா மெயிலும் போயிடுமே' என்ற பயம் பெரிதாக வேண்டாம். அனுப்பும் சர்வர் நாலைந்து நாளாவது விடாமல் முயல வேண்டும் என்பது மரபு; போஸ்ட்ஃபிக்ஸில் நாம் எதையும் மாற்றாவிட்டால் கெடு 5 நாள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அதைக்கூடத் தாங்கும் பொறுமை இந்த நெறிமுறைக்கு உண்டு.

சிக்கல் அனுப்பும்போதுதான். மாங்காடு மாதிரி ஒரு புறநகர் வீட்டு பிராட்பேண்டில் பெரும்பாலும் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி. மெயிலுக்கான 25ஆம் போர்ட் மூடியே கிடக்கலாம். ஆகவே எங்கோ ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். சொந்த வீடு கட்டப் போய் வாடகை வீட்டில் குடியேறும் கதை. பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று அடையாளச் சான்றுகள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லாரிடமும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றையாவது கண்டிப்பாகக் கேட்கிறது; மொத்தமாக அனுப்புபவர்களிடம் மூன்றையும். எல்லாம் சரியாக வைத்தாலும் புதிய ஐபிக்கு நற்பெயர் கிடையாது. அது காலத்தால் சேர வேண்டும். எங்க ஊர்க் காமாட்சி பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக்காலில் தவம் நின்றவள். அவளுக்காவது யாரை நோக்கித் தவம் என்று தெரியும்.

இங்கேதான் 250இன் பொருள் கெடுகிறது. பெரிய சர்வர் 250 சொல்லி வாங்கிக்கொள்கிறது. கடிதம் ஸ்பேம் பெட்டிக்குப் போகிறது. ஜிமெயிலில் 30 நாளில் அழிந்துவிடுகிறது. விதியின் எழுத்துக்குப் பங்கமில்லை, பெட்டியில் சேர்த்தாகிவிட்டது. ஆனால் இரு முனையிலும் யாருக்கும் எதுவும் தெரியாது. இலக்கிய வாசகருக்கு இது புரியாத வலி அல்ல. சிற்றிதழுக்குக் கதை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறீர்கள். ஆசிரியருக்குப் பிடிக்கவில்லையா, அவர் பார்க்கவே இல்லையா? தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையில் திரும்பி வந்த கதைக்கு ஒரு மரியாதை இருந்தது. மறுப்பும் ஒரு பதில்தான்.

பெரிய நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. போஸ்டலின் நாடகத்தில் வந்தவர் சொல்லும் பேரை யாரும் சோதிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் எழுதலாம். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பினால், பேர் திருடப்பட்ட அப்பாவியின் பெட்டி நிரம்பும். காரணம் சொன்னால் ஸ்பேம் அனுப்புபவன் அதிலிருந்தே கற்றுக்கொள்வான். ஆனால் மூன்றாவது வழி ஒன்று முதலிலிருந்தே இருக்கிறது. உரையாடல் நடக்கும்போதே, 250க்குப் பதில் 550 சொல்லிவிடலாம். வாசலிலேயே 'வேண்டாம்' என்பது. அப்பாவி யாருக்கும் திரும்பல் கடிதம் சர்வரிலிருந்து போகாது. உண்மையாக அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே சொல்லிவிடும். ஸ்பேமன் கொஞ்சம் கற்றுக்கொள்வான்தான். அந்த விலையைக் கொடுக்காததற்கான விலையை இப்போது ஒழுங்காக எழுதுகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

சொந்த சர்வர் வைப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சுதந்திரம், அந்தரங்கம். பாதிதான் சரி. நாம் எழுதுவதில் பெரும்பகுதி எப்படியும் பெரிய நிறுவனத்தின் பெட்டியில்தான் போய் விழுகிறது. அனுப்புவதில் அவர்கள் தயவு தேவை. வாங்குவதில் தேவையில்லை. நம் வாசலில் எதற்கு 250, எதற்கு 550 என்று தீர்மானிப்பது நாம். சந்தேகம் என்றால் அப்போதே மறுத்துவிடும்படி போஸ்ட்ஃபிக்ஸை அமைத்துக்கொள்ளலாம். வாங்கிக்கிட்டேன் என்று சொன்னால், வாங்கிக்கிட்டதாகவே இருக்கும்.