முதல் கச்சேரியும் தப்பிய கோர்வையும்

1998 டிசம்பர். நான் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். மயிலாப்பூரில் ஒரு சபாவில் மத்தியானக் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது என்று ஹாஸ்டல் நண்பன் சொன்னான், போனோம். அதுவரை எனக்குக் கர்நாடக சங்கீதம் என்றால் கேசட்தான். அப்பா வாங்கி வைத்திருந்த பதினைந்து இருபது கேசட்டுகள். அதில் ஒரு கல்யாணி ராகக் கீர்த்தனை எனக்கு எந்த அளவுக்கு மனப்பாடம் என்றால், முப்பது நிமிஷத்தில் ஒரு பக்கம் முடிந்து பிளேயரின் பட்டன் 'டக்'கென்று மேலே எழும்புமே, அந்த சத்தத்தையும் சேர்த்துத்தான் மனசு பாடும்.

அன்றைக்குக் கச்சேரியில் கண்ட எதுவும் கேசட்டில் இல்லை. மிருதங்கக்காரர் தொப்பிப் பக்கம் ரவைப் பசையை அப்பி, கல்லால் தட்டித் தட்டி சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆலாபனையில் வயலின்காரர் பாடகரின் பின்னாடியே வருகிறார், ஒரு மயிரிழை தாமதமாக. கேசட்டில் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும். நேரில் பார்த்தால்தான் தெரிகிறது, அடுத்து என்ன வரப்போகிறது என்று அந்த மனுஷன் பாடகரின் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டிருக்கிறார் என்று. (இப்போது வேலையில் யாராவது 'லேட்டன்சி' என்றால் எனக்கு அந்த வயலின்காரரின் முகம்தான் ஞாபகம் வரும்.)

பிறகு அது நடந்தது. கல்பனாஸ்வரத்தின் முடிவில் பாடகர் ஒரு கோர்வை வைத்தார். மூன்று தடவை வந்து சரியாகப் பாட்டின் எடுப்பில் விழவேண்டியது, ஒரு அட்சரம் தள்ளி விழுந்தது. எனக்கு முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த மாமியின் கை அந்தரத்தில் நின்றது. பாடகர் சிரித்துவிட்டார். மிருதங்கக்காரரும் சிரித்தார். மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை விழுந்தது பாருங்கள், ஹால் மொத்தமும் 'ஆஹா' என்றது. என் வலது கை தொடையில் தட்டிக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அந்த ஒரு அட்சரத்தை வைத்து நான் பெரிய சித்தாந்தமே கட்டினேன். சங்கீதம் என்பது அந்த இடத்தில் அந்த நிமிஷத்தில் எடுக்கிற முடிவு, தப்பிப்போக வாய்ப்பில்லாத இடத்தில் அது சங்கீதமே இல்லை, கேசட்டில் இருப்பது சங்கீதத்தின் ஜெராக்ஸ். பொங்கலுக்கு பெரம்பலூர் போனபோது அப்பாவிடமே சொன்னேன்: "நீங்க இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் கச்சேரியே இல்லப்பா." அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து க்ளென் கூல்டைப் படித்தேன். கனடாவின் மகா பியானோ கலைஞர். 1964 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் வாசித்ததோடு மேடையை விட்டவர், அப்போது வயது 31. 1966இல் ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி எழுதிய கட்டுரையில், இன்னும் நூறு வருஷத்தில் பொதுக் கச்சேரி என்பதே இருக்காது என்கிறார். கச்சேரி ரசிகர்களில் ஒரு பகுதி, வித்தைக்காரன் கயிற்றிலிருந்து விழுவானா என்று காத்திருக்கிற கூட்டம் என்பது அவர் எண்ணம். அதே கட்டுரையில் பாஹின் ஏ மைனர் ஃப்யூக் ஒன்றைப் பதிவு செய்த கதை வருகிறது. ஆறாவது டேக், எட்டாவது டேக் இரண்டும் நன்றாக வந்திருந்தன. ஒன்று கனமாக, இன்னொன்று துள்ளலாக. ஆனால் தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சலித்தன. வெட்டி ஒட்டினார்கள், எந்த ஒரே வாசிப்பிலும் வராத ஃப்யூக் கிடைத்தது.

முதலில் படித்தபோது எரிச்சல்தான் வந்தது. பாஹ் ஸ்வரங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், கூல்டுக்கு வெட்டி ஒட்ட வசதி, மனோதர்மத்தை எப்படி ஒட்டுவது என்று என் டைரியில் கோபமாக எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வி இன்றும் செல்லும் என்றே நினைக்கிறேன். ஆனால் கயிற்றிலிருந்து விழுவதற்காகக் காத்திருக்கும் கூட்டம் என்று அவர் சொன்னது என்னை விடவில்லை. என் முதல் கச்சேரியில் எனக்கு ஞாபகம் இருப்பது பாடகர் விழுந்ததுதானே. அன்று அவர் பிரதானமாக எந்த ராகம் பாடினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு, பெரியது. நான் எதிர்த்துக்கொண்டிருந்தது ஸ்டுடியோ கேசட்டை. அப்பா அதிகம் கேட்டது கேசட் இல்லை, ரேடியோ. திருச்சி வானொலி, சனிக்கிழமை இரவு தேசிய நிகழ்ச்சி, தை மாதம் திருவையாறு ஆராதனையின் நேரடி ஒலிபரப்பு. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவிலிருந்து நேராகவே போன கச்சேரிகள் எத்தனையோ. கோர்வை அங்கேயும் தப்பியிருக்கும், தொண்டை கட்டியிருக்கும். நான் சபாவில் 'கண்டுபிடித்ததை' அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்டிருக்கிறார். சபாவுக்கு ஏன் போகவில்லை என்றால் பணம் மட்டும் காரணமில்லை. அது நம்ம மாதிரி ஆட்களுக்கான இடமில்லை என்று ஒரு எண்ணம். யாரும் அவரை வாசலில் நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ரேடியோவுக்கு வாசல் கிடையாது. கூல்ட் தன் கட்டுரையில் பெரம்பலூரை நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்கிறவன்தான் முக்கியம் என்று அவர் வாதாடும்போது எனக்கு அப்பாதான் தெரிகிறார். அந்த வாதத்தில் நான் தோற்றுவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

அப்பா ரிட்டையர் ஆகி சென்னைக்கு வந்த பிறகு ஒரு டிசம்பரில் அவரை சபாவுக்குக் கூட்டிப் போனேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு எதிர்பார்ப்பு, 1998இல் எனக்கு நடந்தது இவருக்கும் நடக்கும் என்று. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் கேன்டீனுக்கு எழுந்து போனது. அப்பா அசையவில்லை. தொடையில் தாளம், கண் மூடியிருக்கிறது. நான் மேடையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் திரும்பும்போது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"மைக்கு சத்தம் ஜாஸ்தி. ஆனா மிருதங்கம் வாசிச்ச பையன் கெட்டிக்காரன். அந்தப் பாட்டுக்கு எடுப்பு அரை இடம் தள்ளி. கடைசிக் கோர்வையக் கொண்டாந்து கரெக்டா அங்க நிறுத்தினான் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. தாளக் கணக்கெல்லாம் ரேடியோவில் கேட்டே பிடித்துக்கொண்டீர்களா என்றேன்.

"ரேடியோல எங்க கத்துக்கிறது? திருவிழால சாமி புறப்பாட்டுல தவில் பக்கத்துலயே நடப்பேன். ராத்திரி முழுக்க நாயனம், தவில். வருஷா வருஷம். அதத்தான் கச்சேரியே இல்லன்னு சொல்லிட்டியே" என்று சிரித்தார். "நீயும்தான் வந்த. என் தோள்ல தூங்கிட்டு இருப்ப."