கசடோடு போகும் நியோடிமியம்

2025 ஏப்ரலில் ஏழு அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா உரிமம் கட்டாயமாக்கியதும் நம் வாகன ஆலைகள் அருமண் காந்தத்துக்கு அல்லாடின. செப்டம்பரில், முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்கான 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதுமுதல் ‘நகர்ப்புறச் சுரங்கம்’ பற்றிய பாராட்டுக்குப் பஞ்சமில்லை. கனிமம் நம் குப்பையிலேயே கிடக்கிறதாம். அள்ளிக்கொண்டால் பெய்ஜிங்கைக் கெஞ்ச வேண்டியதில்லையாம்.

அள்ளுவது நல்லதுதான். ஒரு டன் பழைய கைபேசியில் உள்ள தங்கம், ஒரு டன் நல்ல தாதுவில் இருப்பதைவிடப் பல மடங்கு. தில்லி சீலம்பூரில் மின்னணுக் கழிவிலிருந்து உலோகம் எடுக்கும் அமிலத் தொட்டி வேலை முறையான ஆலைக்கு மாறினால் பல நுரையீரல்கள் பிழைக்கும். பேட்டரியை அரைத்துக் கரும்பொடியாக விற்பதோடு நிறுத்திக்கொள்பவருக்குப் பணம் கிடையாது என்ற திட்டத்தின் விதியும் சரியானதே.

ஆனால் எடுக்கப்போவது எந்த உலோகத்தை?

சர்க்யூட் போர்டுகள் செம்பு உருக்காலைக்குப் போகின்றன. உருகிய செம்பு தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். பிறகு அவற்றைப் பிரித்துவிடலாம். நியோடிமியம் என்ற அருமண்ணும் டாண்டலமும் அப்படியல்ல. ஆக்சிஜனை விடாமல் பற்றி ஆக்சைடாகிக் கசடில் சேர்ந்துவிடும். நியோடிமியம் உள்ள காந்தத்தின் கதியும் இதுதான். ஹார்டு டிஸ்க்கை அப்படியே அரவையில் போட்டால் காந்தம் நொறுங்கி இரும்புத் துண்டுகளில் ஒட்டிக்கொள்ளும். இரும்போடு உலைக்குப் போய் அங்கும் கசடாகும். தங்கத்துக்காகப் போட்ட பாதையே அருமண்ணைத் தொலைக்கிறது. பெல்ஜியத்தின் ஹோபோக்கன் ஆலை 17 உலோகங்களைப் பிரிக்கிறதே என்பார்கள். பிரிக்கிறது, இந்தியம்கூட அதில் உண்டு. நியோடிமியம் இல்லை.

காப்பாற்ற வேண்டுமென்றால் அரைப்பதற்கு முன்பே காந்தத்தைக் கழற்ற வேண்டும். ஒரு டிஸ்க்கில் கிடைப்பது சில கிராம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு அளவே அருமண். கைபேசியில் ஒரு கிராம்கூடத் தேறாது. உலகின் அருமண் தேவையில் மின்னணுக் கழிவு ஈடுசெய்வது சுமார் 1 சதவீதம் என்று 2024-இல் வந்த உலக மின்னணுக் கழிவு அறிக்கை சொல்கிறது. இதில் வியக்க என்ன இருக்கிறது?

விலை ஏறினால் கட்டுப்படியாகும் என்பது வழக்கமான பதில். 2010–11 விலையேற்றத்துக்குப் பின் பிரான்சில் சால்வே நிறுவனம் பழைய குழல்விளக்குகளின் பாஸ்பர் தூளிலிருந்து அருமண் எடுக்க ஆரம்பித்தது. தொழில்நுட்பத்தில் குறையே இல்லை. விலை சரிந்தது, எல்இடி வந்தது, 2016-இல் அந்த வேலை நின்றுபோனது.

நம் விதிகளோ விலையையே நம்பியிருக்கின்றன. 2023 ஏப்ரல் 1-இல் மின்னணுக் கழிவு விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, மறுசுழற்சி செய்பவருக்கு உற்பத்தியாளர் பொறுப்புச் சான்றிதழ் நான்கு உலோகங்களுக்கே கிடைத்தது: இரும்பு, அலுமினியம், செம்பு, தங்கம். யாரும் கேட்காமலே காயலான் கடைக்காரர் பிரித்தெடுப்பவை இவை. அதே ஆண்டு அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் இந்த நான்கில் செம்பு மட்டுமே உண்டு. ஒரு கை பட்டியல் போட, மறு கை வேறு எதற்கோ சான்றிதழ் கொடுத்திருக்கிறது.

புதிய திட்டமாவது இதைத் திருத்துமா? அதன் எதிர்பார்ப்பு ஆண்டுக்கு 40,000 டன் முக்கியக் கனிமம். டன் கணக்கு என்றால் பேட்டரியின் நிக்கலும் கோபால்டும், கூடவே செம்பும் அதை நிரப்பிவிடும்; கிராமில் வரும் காந்தத்தை யார் சீந்துவார்கள்? மானியம் இரண்டு வகை: ஆலைக்கும் இயந்திரத்துக்கும் 20 சதவீத மூலதன மானியம், கூடுதல் விற்பனையைப் பொறுத்து நடைமுறைச் செலவு மானியம். முதலாவதில் இன்னும் பெரிய அரவை இயந்திரம் வாங்குவார்கள். ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து காந்தம் கழற்றுபவரின் கூலி இந்த இரண்டில் எதில் அடங்கும் என்பதைத் திட்டத்தைப் பாராட்டியவர்களில் யாராவது சொல்லட்டும்.