முகம்மதன் ஸ்போர்ட்டிங்: இரு அளவுகோல்களின் வரலாறு

1911இல் மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்றதைத் தேசிய எழுச்சியெனப் போற்றும் எழுத்தாளர் பலர், கொல்கத்தா முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் சாதனைகளை 'வகுப்புணர்வு' என்னும் ஒற்றைச் சொல்லால் கடந்துவிடுகின்றனர். இவ்விரட்டை அளவுகோல் மறுபரிசீலனைக்குரியது.

1891இல் தோன்றிய இக்கழகம், முதற்பிரிவில் அடியெடுத்து வைத்த 1934ஆம் ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898 முதல் ஐரோப்பிய அணிகளின் தனியுடைமையாக இருந்த பட்டம் அது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை அது இக்கழகத்திடமே இருந்தது. மழைச்சேற்றில் வெறுங்காலுடன் ஆடாமல் காலணி அணிந்ததும், பெங்களூர் முதலிய தொலைநகர்களிலிருந்து ஆட்டக்காரர்களைத் திரட்டியதும் இவ்வெற்றிக்குக் காரணங்கள். 1940இல் டூரண்ட் கோப்பையை வென்ற முதல் இந்தியக் கழகமும் இதுவே.

அந்நாளில் முஸ்லிம்களையே அணியில் சேர்த்தது மெய். அக்கால அரசியல் அவ்வெற்றிகளைத் தன்பால் இழுத்துக்கொண்டதும் மெய். ஆயினும், வென்ற கால்கள் எச்சமயத்தாருடையவை என்று பார்த்துத் தேசியத்தை அளப்பது நீதியன்று.

நம்மவரும் குற்றமற்றவரல்லர். பெருமை பேசினோமேயன்றி ஆவணங்களைத் திரட்டவில்லை. 2024இல் ஐ-லீக் பட்டம் வென்ற அணியில் பல சமயத்தாரும் ஆடினர். கழகம் மாறிவிட்டது, அதைப் பற்றிய எழுத்தும் மாறவேண்டும்.